ஒரு சொம்பு கலிங்குத் தண்ணீர்

எங்கள் ஏரி நிரம்பி வழிகிற அன்றைக்கு ஊரே குளித்துவிட்டுக் கலிங்குக்குப் போகும். ஏரிக்கரையின் கடைசியில் கருங்கல்லால் கட்டிய தாழ்வான சுவர்தான் கலிங்கு. ஏரி கொள்ளாத தண்ணீர் அதன்மேல் ஏறி மறுபக்கம் விழுந்து ஓடைக்குப் போகும். அன்றைக்கு யாரும் வயலில் இறங்க மாட்டார்கள். மேளம் வரும், கரைமேல் இருக்கும் கருப்புசாமிக்குக் கிடா வெட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு பெண் சொம்பை எடுத்துக்கொண்டு போய், கல்லில் வழிந்து விழும் தண்ணீரைப் பிடித்து வந்து தன் வாசப்படியில் ஊற்றுவாள். அந்தத் தண்ணீர் விழுந்த வீட்டில் வருஷம் முழுக்கச் சோற்றுக்குக் குறை வராது என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அரியலூரிலிருந்து திருமானூர் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி நடந்தால் எங்கள் ஊர். பஸ்ஸில் ஏறினால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னாலும் பின்னாலும் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். எனக்கு வாய் நீளம். கல்யாணமான மூன்றாம் நாளே என் மாமியார் இதைக் கண்டுபிடித்துத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த வாயை நம்பித்தான் பிறகு எங்கள் தெருக்காரர்கள் என்னை வார்டு மெம்பருக்கு நிறுத்தினார்கள். ஜெயித்தேன். எனக்குக் கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்பதால் ஊராட்சிக்கு வரும் மனுக்களை எல்லாம் என்னிடமே எழுதக் கொடுப்பார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரருடைய குடும்பத்துக்கு ஒரு சாண் நிலம் சொந்தமாக இருந்ததில்லை. ஊரார் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்துக் கட்டிய குடும்பம். குடிசை போட்டிருந்த இடமும் அடுத்தவருடையது. கூரையைப் பிரித்துத் தலையில் தூக்கிக்கொண்டு மாமியார் மூன்று தடவை இடம் மாறியிருக்கிறார். என் வீட்டுக்காரர் பெயருக்கு அரசாங்கத்தில் ஒரு தொகுப்பு வீடு கிடைத்து எல்லோரும் அதில் இருந்தோம். ஆனால் மாமியாருக்கு அது என் வீடு. எனக்கும் அவருக்கும் சண்டை வந்தால் முடிவில் அவர் சொல்வது ஒன்றுதான்.

"எனக்குன்னு ஒரு வாசப்படி வேணும்டி. அதுல நான் கோலம் போடணும். எவளும் என்னைய எந்திரின்னு சொல்லக் கூடாது."

"நான் எப்ப ஒங்கள எந்திரின்னு சொன்னேன் அத்தை?"

"மூஞ்சியில சொல்றியே, அது போதாதா?"

இப்படிப் பேசிக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் விடிகாலையில் வலது கையும் காலும் வராமல் போனது. பேச்சும் போய்விட்டது. அரியலூர் பெரியாஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். கட்டிலில் போட்டோம். கூப்பிடுவதற்கு ஓர் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்தோம். தட்டை இடுப்போரம் சாய்த்து வைத்துக்கொண்டு இடது கையால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விடாமல் தட்டினால் உடனே ஓடிவா என்று அர்த்தம். பேச்சில் பாதிச் சண்டை போட்டவர் இப்போது தட்டில் முழுச் சண்டை போட்டார். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது விடாமல் தட்டுவார், ஓடிப்போய்ப் பார்த்தால் ஜன்னலில் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தெருவே கேக்குது, கொஞ்சம் மெதுவாத்தான் தட்டுங்களேன்" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

கொழுந்தனுக்கு அம்மா என்றால் உயிர். சுண்ணாம்புச் சுரங்கத்து மண்ணை ஏற்றும் டிப்பரில் அவன் டிரைவர். அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடியே என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணி, அம்மா கண்ண மூடறதுக்குள்ள அதுக்கு ஒரு வூடு கட்டிக் குடுத்துடணும். நீங்கதான் மெம்பரு. எங்கனயாவது ஒரு மனை பாத்துக் குடுங்க."

கட்டிலில் இருந்து மாமியார் என்னைப் பார்த்தார். தட்டவில்லை. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அப்போதுதான் எனக்குக் கோரைக்காடு ஞாபகம் வந்தது.

ஏரியின் மேல்கோடியில், மேட்டுக்காட்டிலிருந்து வரத்து வாய்க்கால் வந்து விழுகிற இடத்துக்கு எங்கள் ஊரில் கோரைக்காடு என்று பெயர். மழைக்காலத்தில் அங்கே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், சித்திரையிலும் ஈரம் காயாது. ஆள் உயரத்துக்குக் கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கும். கால் வைத்தால் உளைச் சேறு முழங்கால் வரைக்கும் இழுக்கும். பாம்பு உண்டு, அட்டை உண்டு. நாங்கள் அதன் ஓரத்தில் ஆரைக்கீரை பறிப்போம், எருமைக்குப் புல் அறுப்போம், அவ்வளவுதான். ஏரி என்றால் தண்ணீர் பளபளவென்று நிற்க வேண்டும் என்று நினைக்கிற எங்களுக்கு அது ஏரியாகவே படவில்லை. ஏரியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சனியன் என்றுதான் நினைத்தோம்.

வீடில்லாத ஒன்பது குடும்பங்களைச் சேர்த்து நான்தான் மனு எழுதினேன். அந்த வரி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். "யாருக்கும் பயன்பாடற்று முட்புதர் மண்டிக் கிடக்கும் பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கி, வீடற்ற ஏழைகள் குடியிருக்க ஆவன செய்ய வேண்டும்." யாருக்கும் பயன்பாடற்று! வார்த்தையை யோசித்து யோசித்துப் போட்டேன், படிக்கிறவர் மனசு இளக வேண்டும் என்று. தீர்மானம் நிறைவேறியது. பட்டா வரவில்லை. 'நீர்நிலைக் கணக்குல இருக்கு, இப்பதைக்கு வூட்டக் கட்டிக்குங்க, பொறவு பாத்துக்கலாம்' என்று பொறுப்பில் இருந்தவர்கள் வாயால் சொன்னார்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

மாசியில் மண் கொட்ட ஆரம்பித்தார்கள். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல்லை எடுப்பதற்கு முன்னால் மேலே கிடக்கும் மண்ணை அள்ளி எறிந்துவிடுவார்கள். கொழுந்தன் தன் முதலாளியிடம் கெஞ்சி அந்த மண்ணைக் கேட்டு வாங்கினான். முதல் லோடை அவனே கொட்டினான். கொட்டிய மண் சத்தம் இல்லாமல் உள்ளே போனது. அடுத்த லோடும் போனது. அதற்கப்புறம் ஓரங்களில் கறுப்பு உளை பொங்கி மேலே வந்தது. அதில் நத்தையும் நண்டும் விராலும் கெளுத்தியும் புரண்டன. ஊர் சனம் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நானும் ஓடினேன். அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் விரால் குழம்பு. மண்மேட்டின் மேல் கொக்குகள் வந்து வரிசையாக நின்றன. இரண்டு நாள் நின்றுவிட்டு எங்கோ போய்விட்டன.

மீன் எங்கே குஞ்சு பொரிக்கும் என்று அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? ஏரியில் மீன் வலையில் விழுகிறது, அதனால் ஏரியில்தான் பிறக்கிறது என்று நினைத்திருந்தோம். குஞ்சு பிழைத்ததெல்லாம் கோரைத் தூர்களுக்கு நடுவில். அடுத்த வருஷம் ஏரியில் மீன் ஏலம் கேட்க ஆள் வரவில்லை. அதற்குள் எங்களுக்கு மீனைப் பற்றி நினைக்கவும் நேரம் இல்லாமல் போய்விட்டது.

வீடு ஆடிக்குள் எழுந்தது. ஒற்றை அறை, ஒரு சின்னத் தாழ்வாரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனுடைய மனைவி, கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த வேண்டுதலை முடித்துவிட்டு வந்து ஆவணியில் பால் காய்ச்சினார்கள். மாமியாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். கொழுந்தன் அம்மாவைக் கைகளில் ஏந்தி வாசப்படியில் உட்கார வைத்தான். கோலமாவுக் கிண்ணத்தை நான் பிடித்துக்கொண்டேன். இடது கையை விட்டு ஒரு பிடி எடுத்து, நடுங்கிக்கொண்டே ஏதோ கோணலாக இழுத்தார். அது கோலமாகவே இல்லை. "ரொம்ப அழகா இருக்கு அத்தை" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் சிரித்தார் என்பது எனக்குத் தெரியும். இருபது வருஷத்தில் நானும் அவரும் சண்டை போடாத ஒரே நாள் அது.

புரட்டாசியிலேயே தரை விரிசல் விட்டது. கதவு நிலையில் முட்டிக்கொண்டு சாத்த வரவில்லை. ஓரகத்திக்குப் பிறந்த ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் போடுகிற காட்டு வெள்ளாமை ஊர். அவளுக்கு ஏரி, மதகு, கலிங்கு எதுவும் தெரியாது. ஆனால் அவள்தான் வந்து சொன்னாள்.

"அக்கா, வூடு கீழ எறங்குதுக்கா. ராத்திரியில சுவரு முனகுது."

"புது வூடுன்னா அப்படித்தான்டி. மண்ணு ஒக்காந்து எறுகும். ஒம்புருஷங்கிட்ட சொல்லி ரெண்டு சட்டி சிமெண்டு பூசச் சொல்லு."

கொழுந்தன் பூசினான். கொசு மட்டும் எக்கச்சக்கமாக வந்தது. கோரை இருந்தபோது இவ்வளவு கொசு இல்லையே என்று ஒருத்தி சொன்னதற்கு, கோரையால்தான் கொசு என்று ஒன்பது குடும்பத்துக்கும் சொல்லி மனு எழுதின நான் பேச்சை மாற்றினேன்.

அந்தக் கார்த்திகையில் இரண்டு ராத்திரி விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் ஒருத்தர் கரையில் இருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"கலிங்கு போவுதுடோய்! கலிங்கு போவுது!"

எங்களால் நம்ப முடியவில்லை. வழக்கமாக எங்கள் ஏரி நிறைய பத்து, பதினைந்து நாள் மழை வேண்டும். பல வருஷம் கலிங்கைத் தொடாமலே போய்விடும். இரண்டு மழையில் நிறைந்தது என்றால் கருப்பு கண்ணைத் திறந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். "மெம்பரு வந்த ராசி" என்றுகூட ஒருத்தர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் இருக்கிற நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு ஓரகத்தியைக் கூப்பிடப் போனேன்.

அவள் தயங்கினாள். "அத்தைய தனியா வுட்டுட்டு எப்படிக்கா?"

"ஒரு நாழிகை. நீ பொறந்த ஊருல கலிங்கக் கண்டியா? புது வூட்டுக்கு மொதத் தண்ணி, நீதான் புடிக்கணும். வாடி."

மாமியார் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து மாடத்தில் பித்தளைச் சொம்பு இருந்தது. இடது கையை நீட்டி அதைக் காட்டினார். ஓரகத்தி எடுத்துக் கையில் கொடுத்தாள். அதை வாங்கி அவளிடமே திருப்பி நீட்டினார். போ, போய்ப் பிடித்துக்கொண்டு வா என்று அர்த்தம். வாசப்படியைக் கண்ணால் காட்டினார். நான் தட்டையும் கரண்டியையும் அவர் பக்கத்தில் வைத்தேன். "ஏதாச்சும்னா தட்டுங்க அத்தை, அக்கம்பக்கத்துல யாராச்சும் வருவாங்க" என்று சொன்னேன். அக்கம்பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? கலிங்கு போகும் நாளில் வீட்டில் யார் இருப்பார்கள்?

கலிங்கில் அன்றைக்குப் பார்த்த தண்ணீரை நான் மறக்க முடியாது. கல்லின் மேல் முழங்கால் உயரத்துக்கு ஏறிச் செம்மண் நிறத்தில் விழுந்தது. எப்போதும் ஏரி நிறைந்து வழியும்போது தண்ணீர் தெளிந்திருக்கும், கல் தெரியும். இது குழம்பாக வந்தது. 'புதுத் தண்ணி' என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். கொழுந்தன் கிடாவைப் பிடித்துக்கொண்டு நின்றான், சேறு தெறித்த முகத்தில் பல் எல்லாம் தெரிந்தது. மேளக்காரர்கள் குளிரில் விறைத்துப்போய் மெல்ல அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கத்தினேன்.

"என்னங்கய்யா, காலையில கஞ்சி குடிக்கலையா? காது கிழியற மாதிரி அடிங்க!"

அவர்கள் சிரித்துக்கொண்டு அடித்தார்கள். காது கிழிகிற மாதிரியே அடித்தார்கள். ஆடினோம். நானும் ஆடினேன். கிடா வெட்டி, கற்பூரம் காட்டி, ஒவ்வொருத்தியாக இறங்கித் தண்ணீர் பிடித்து முடிக்க ஒரு நாழிகை மூன்று நாழிகை ஆனது.

சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் ஓரகத்தி நடந்தாள். சிந்தினால் குறை என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். கரையைச் சுற்றி மேல்கோடிக்கு வரும்போது பாதையில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. மழைத் தண்ணீர் என்று நினைத்தோம். கருவேல மறைப்பைத் தாண்டியதும் முழங்கால் அளவு. அதற்கு மேல் பாதையே இல்லை. ஒன்பது வீடும் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தன.

வரத்து வாய்க்காலை நாங்கள் மண் கொட்டி ஒடுக்கி, தெருவுக்காக ஒரு சிமெண்டுக் குழாயைப் போட்டு அதன் வழியாக விட்டிருந்தோம். மேட்டுக்காட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த செத்தையும் முள்ளும் குழாயை அடைத்துக்கொண்டன. முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் கோரைக்காட்டில் வந்து பரவி நிற்கும், மண்ணையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு மெதுவாக ஏரிக்குள் இறங்கும். பரவ இடம் இல்லாததால் வீடுகளுக்குள் பரவியது. கீழே ஏரியும் கலிங்கு மட்டத்துக்கு மேல் ஏறி நின்றதால் வடியவும் வழி இல்லை. இதெல்லாம் அப்புறம் நான் யோசித்து யோசித்துப் புரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது எல்லாம், மாமியார் இருந்த வீட்டுக் கதவு பாதி திறந்து, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்ததுதான்.

கொழுந்தன் எங்களைத் தள்ளிக்கொண்டு ஓடினான். நான் பின்னால் போனேன். உள்ளே தொடை அளவுத் தண்ணீர். கட்டில் சுவரோரம் போய்க் கவிழ்ந்து கிடந்தது. மாமியார் அதற்கு அடியில் இருந்தார்.

கொழுந்தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியில் வந்தபோது தட்டும் கூடவே வந்தது. இடது கை அதை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தது. தட்டின் விளிம்பு ஒரு பக்கம் முழுக்க நசுங்கிப் போயிருந்தது. தொகுப்பு வீட்டில் இரண்டு வருஷம் தட்டியும் அதில் ஒரு நசுங்கல் விழுந்ததில்லை. கரண்டியைப் பிறகு தேடி எடுத்தோம், அதன் காம்பு வளைந்திருந்தது. எவ்வளவு நேரம் தட்டினார், எவ்வளவு ஓங்கித் தட்டினார் என்று யாரும் என்னிடம் சொல்லத் தேவையில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் காது கிழிகிற மாதிரி மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கச் சொன்னவள் நான்.

ஓரகத்தி அந்தத் தண்ணீரில் நின்றபடி சொம்பை இன்னும் இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தாள். "இத எங்கக்கா ஊத்தறது?" என்று கேட்டாள். அவளுக்குத் தன் நினைவே இல்லை என்று நினைக்கிறேன். நான் அதை வாங்கிக் கீழே கொட்டினேன்.

அடக்கம் முடிந்தது. ஊரில் ஒருத்தர் விடாமல் வந்து அழுதார்கள். நிவாரணத்துக்கு எழுதிப் போட்டோம். நீர்நிலையில் கட்டிய வீடு, ஒன்றும் செய்ய முடியாது என்று திரும்பி வந்தது. அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. தை பிறந்தபோது ஏரி கரண்டைக்கால் அளவுக்கு வற்றியிருந்ததுதான் என்னை உட்கார்த்தி வைத்தது. அத்தனை சீக்கிரம் நிறைந்த ஏரி அத்தனை சீக்கிரம் காலி. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கீழ் வயல்கள் வெடித்தன. ஏரிக்கரைக்குக் கீழே இருந்த கிணறுகளில் வாளி இறக்கினால் சேறு வந்தது. அந்தக் கோரைக்காடு வெயில் காலத்துக்கென்று தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்திருந்து, கிணற்றுக்கும் ஏரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஏரி இரண்டு மழையில் நிறைந்ததற்குக் காரணம் மெம்பரின் ராசியும் இல்லை, கருப்பின் கண்ணும் இல்லை. ஏரியை நாங்கள் சின்னதாக்கியிருந்தோம். சின்னப் பாத்திரம் சீக்கிரம் நிறைந்தது. அதற்குத்தான் கிடா வெட்டினோம். இதை நினைக்கும்போதெல்லாம் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

கோரைக்காட்டில் நாங்கள் தூர்த்தது பாதிதான். மீதிப் பாதி அப்படியே இருந்தது. அந்த வருஷம் கிராமசபையில் மறுபடி ஒரு தீர்மானம் வந்தது: மீதிப் பள்ளத்தையும் தூர்த்து, எல்லாவற்றையும் மூன்று அடி உயர்த்தி, வாய்க்காலைச் சிமெண்டுக் கால்வாயாக ஆக்க வேண்டும். கேட்டவர்கள் ஒன்பது வீட்டுக்காரர்கள். முதல் கையெழுத்து கொழுந்தனுடையது. நான் எழுந்து, முடியாது என்றேன். கொட்டிய மண்ணைத் திரும்ப அள்ளுங்கள், அந்த ஒன்பது வீட்டுக்கும் மேட்டில் இடம் கேட்போம், நானே மனு எழுதுகிறேன் என்றேன்.

"மேட்டுல எடம் எவன் குடுப்பான்?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். "குடுக்கறதா இருந்தா ஏன் நாங்க சேத்துக்குப் போனோம்?"

அதுதான் உண்மை. மேடெல்லாம் யார் யாருக்கோ சொந்தம். எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சியது உளைதான். அதனால்தான் நானும் அந்த மனுவை எழுதினேன். தீர்மானம் நிறைவேறியது. மாமியார் செத்ததில் இருந்து மெம்பருக்குப் புத்தி சரியில்லை என்று போகிற போக்கில் பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் என் வீட்டுக்கு வந்தான். தின்பதற்குக் கொடுத்த எதையும் தொடவில்லை.

"அண்ணி, இன்னும் மூணடி ஒசந்திருந்தா அம்மா செத்திருக்காது."

"அங்க வூடே கட்டாம இருந்திருந்தா செத்திருக்காதுடா. நாமதான்டா தண்ணி எடத்துல போய் ஒக்காந்தோம். நீ ஒசத்துனா அந்தத் தண்ணி அடுத்த தெருவுக்குப் போவும். அங்கயும் ஒருத்தி கட்டில்ல கெடப்பா."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி" என்றான். முதல் தடவையாக என்னை முறைத்தான். "அம்மாவுக்குன்னு கட்டுன வூடு. தப்பான எடத்துல கட்டிட்டேன்னா சொல்றீங்க? மொத லோடு நான்தான் கொட்டுனேன். அப்ப நான்தான் கொன்னேனா?"

நான்தான் எழுதினேன், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், நான்தான் மேளத்தை ஓங்கி அடிக்கச் சொன்னேன் என்று சொல்ல வாய் வந்தது. அத்தனை நீளமான வாய், அன்றைக்கு அடைத்துக்கொண்டது. அவன் எழுந்து போய்விட்டான்.

போன வாரம் மண் கொட்ட ஆரம்பித்தார்கள். டிப்பர்கள் வரிசையாக வந்தன. மீதமிருந்த கோரையில் நீர்க்கோழிகள் கத்திக்கொண்டு அங்கும் இங்கும் ஓடின. என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பரணில் இருந்து அந்தத் தட்டையும் வளைந்த கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். கோரைக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் நின்று தட்ட ஆரம்பித்தேன். விடாமல் தட்டினேன். உடனே ஓடிவா என்கிற தட்டு. ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டிப்பர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? எட்டிப் பார்த்த இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

ஒரு டிப்பர் மட்டும் எனக்கு எதிரில் வந்து நின்றது. எஞ்சின் அணைந்தது. கொழுந்தன் இறங்கி வந்தான். தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கே அதைக் கேட்கத் தாங்காமல் நிறுத்தினேன்.

"அந்தத் தட்டக் குடுத்துடுங்க அண்ணி."

கொடுத்தேன். அதன் நசுங்கிய விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். தோளில் இருந்த துண்டை எடுத்துத் துடைத்து, அதிலேயே சுற்றி, வண்டிக்குள் தன் பக்கத்து சீட்டில் வைத்தான். இனி கொட்ட மாட்டான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவன் ஏறி உட்கார்ந்து என்னை ஓரமாகப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். எஞ்சின் கிளம்பியது. வண்டியின் பின்பக்கம் மெதுவாக மேலே எழுந்தது. நான் ஓரமாகத்தான் போய் நின்றேன். மண் முழுவதும் கோரையின் மேல் விழுந்தது.